எங்க எறங்குவிய?

நாகர்கோவில் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அதன்பின் நிம்மதி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. உட்கார்ந்த உடனே, நிற்கிறவர்களில் ஒருவர் குனிந்து, "எங்க எறங்குவிய?" என்று கேட்பார். இறங்கும் இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பக்கத்திலேயே வருகிற மயிலாடி என்று சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும்; உங்கள் இருக்கையை ஒட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காவல் நிற்பார். கடைசியில் வருகிற கோட்டாறு என்றால் "செரி" என்று அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஒருமுறை சொல்லிவிட்டால் வழியில் மனம் மாற முடியாது, ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. நீங்கள் தூங்கிப்போனாலும் அவரே தட்டி எழுப்பி, பையை எடுத்துக் கையில் தந்து, "ஆள் எறங்கணும், பைய" என்று மெதுவாக நிறுத்தும்படி கண்டக்டருக்குக் குரல் கொடுத்து, பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் உங்கள் இடத்தில் உட்காருவார்.

பேச்சு அந்தக் கேள்வியோடு நிற்பதும் இல்லை. அங்கே யார் வீடு, என்ன விசேஷம், மகளைக் கட்டிக்கொடுத்த இடமா, மருமகன் என்ன வேலை என்று ஒவ்வொன்றாக வந்துவிடும். எனக்கு அது கருப்பட்டி மாதிரி. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தடித்துப்போன தொண்டை என்னுடையது. மீன்குழம்பில் மாங்காயை எப்போது போட வேண்டும் என்பதை மணவாளக்குறிச்சிக்காரி ஒருத்தியிடம் பஸ்ஸில்தான் கற்றுக்கொண்டேன். என் மகனுக்குப் பெண் இருக்கும் வீட்டைச் சொன்னதும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்திதான். அந்த மகன் இப்போது குடும்பத்தோடு துபாயில் இருந்துகொண்டு, "அம்மா, தெரியாதவங்கட்ட இவ்வளவு பேசாதம்மா, காலம் கெட்டுக்கிடக்கு" என்று வீடியோவில் உபதேசம் செய்கிறான். தெரியாதவர்களிடம் பேசாமல் இருந்திருந்தால் உனக்கு இந்தப் பெண்டாட்டி கிடைத்திருப்பாளா என்று கேட்டால் மட்டும் நெட்வொர்க் போய்விடும்.

ஒருமுறை கண் காட்டுவதற்காகத் திருவனந்தபுரம் போனேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண், தன் மகளிடம்கூடச் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னாள். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன், நம்பிச் சொன்னது. நெய்யாற்றின்கரையில் இறங்கும்போது என் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனாள். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. தெரிந்தவர்களிடம் ஒன்றைச் சொன்னால் நாளைக்கும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். அவர்கள் நம்மைப் பார்க்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வழியில் கிடைத்தவர்களிடம் அந்தப் பாரம் இல்லை. சொன்னோம், கேட்டார்கள், ஸ்டேஷன் வந்தது, போனார்கள்.

என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் எனக்கு நேர் எதிர். அஞ்சுகிராமத்தில் ஆணி, கம்பி, பைப், பெயிண்ட் விற்கிற கடை வைத்திருந்தார். கடைக்குள் இருக்கும்போது கேலியும் கிண்டலுமாக ஆளை உட்காரவைத்துப் பேசுவார். கடையைப் பூட்டும்போது வாயையும் சேர்த்துப் பூட்டிவிடுவார். பஸ்ஸில் நான் பக்கத்துக்காரியோடு பேச ஆரம்பித்தால், என்னை யாரென்றே தெரியாதவர் போல ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சோற்றைப் பிசையும்போதுதான் மெல்லக் கேட்பார்: "ஏட்டி, அந்தப் பொம்பளைக்க மருமவ கடைசில திரும்பி வந்தாளா இல்லியா?" ஒரு வரி விடாமல் கேட்டிருப்பார். எனக்குச் சிரிப்புத் தாங்காது. ஊர் வம்பு எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதருக்கு மருமகள் வந்தாளா என்பது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

அந்த மனிதருக்கு ஒரு காலையில் பேச்சு போனது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. வலது கால் கொஞ்ச நாளில் நடக்கிற அளவுக்குத் திரும்பி வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு வரவே இல்லை. "ம்" என்ற ஒரு சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, வெளியே வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது, முயற்சி செய்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்று டாக்டர் சொன்னார். முயற்சி செய்யத்தான் அவர் தயாராக இல்லை.

கடைக்கு வந்துபோனவர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் குவிந்தன. வந்தவர்கள் அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, அவரைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். "அண்ணாச்சி சாப்பிடுதாரா? ராத்திரி ஒறங்குதாரா? எப்பிடிப் பேசுன மனுசன்!" எப்படிப் பேசின மனிதர் என்பதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் போனது. அதைக் கேட்டால் உதடு கோணும், கண்ணில் தண்ணீர் வரும், எழுந்து உள்ளே போய்விடுவார். அப்புறம் யார் வந்தாலும் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டார். நான் கேட்கிறவற்றுக்கும் தலையாட்டப் பழகினார். காப்பி வேணுமா என்றால் தலையாட்டுவார், வேண்டாமா என்றாலும் தலையாட்டுவார். ஆளைச் சீக்கிரம் அனுப்பிவைக்க அதுதான் சுலபமான வழி என்று கண்டுபிடித்துக்கொண்டார்.

அவருடைய செல்போனையும் என் பக்கம் தள்ளிவிட்டார். அதில் மணி அடித்தாலே முகம் இருண்டுபோகும். இரண்டு போனும் என் கைப்பையில்தான் கிடந்தன.

வாரத்துக்கு ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்காக நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போவோம். கோட்டாறில் இறங்கி நடந்தால் வந்துவிடும். பயிற்சி கொடுக்கிற பெண் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி, பாட்டுப் பாடுவது போலப் பேசுவாள். படத்தைக் காட்டி இது என்ன என்று அவரிடம் கேட்பாள். அவர் வாயைத் திறக்க யோசிப்பதற்குள் நான் "பசு" என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் அவள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அம்மா, பயிற்சி இவருக்குத்தான். நீங்க கொஞ்சம் மிண்டாம இருக்கணும், கேட்டியளா?" மிண்டாமல் என்றால் வாயைத் திறக்காமல். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளிருந்து ஏதாவது சத்தம் வருமா என்று காதைக் கதவோடு வைத்துக் கேட்டேன். அவள் குரல் மட்டும்தான் வந்தது.

வீட்டிலும் பஸ்ஸிலும் அவருக்குப் பதிலாக நானே பேசினேன். யாராவது அவரிடம் எங்க எறங்குவிய என்று கேட்டால் கோட்டாறு என்று நான் சொல்வேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் திணறுவதை நாலுபேர் பார்க்க நான் விடமாட்டேன். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு எனக்குள் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு சொல் கேட்க வேண்டும். நல்ல சொல்லாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "சும்ம கெட ஏட்டி" என்று திட்டினாலும் போதும். நாள் போகப்போக அது இனி இல்லை என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. பேச்சே வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்ட மனிதரை என்ன செய்ய முடியும்?

நான் சொல்லவந்த நாள் ஒரு நல்ல முகூர்த்த நாள். வழக்கமாக அஞ்சுகிராமத்திலேயே இரண்டுபேர் இருக்கை ஒன்றில் சேர்ந்து உட்கார்ந்துவிடுவோம். அன்றைக்குப் பஸ் கிளம்பும் முன்பே நிறைந்துவிட்டது. பட்டுச்சேலையும் பிச்சிப்பூவும் சரிகை வேட்டியும் பரிசுப்பொட்டலமுமாக உள்ளே நுழைய இடமில்லை. அவர் கையைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் ஒரு இளைஞன் எழுந்து இடம் கொடுத்தான். என்னைக் கூட்டம் முன்பக்கம் தள்ளிக்கொண்டுபோய்விட்டது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி நெருக்கி உட்கார்ந்து எனக்கு அரை இடம் விட்டாள். உட்கார்ந்ததும் நின்றவர்களின் பைகள் மடிக்கு வந்தன, ஒரு பெண்குழந்தையும் வந்தது. எழுந்திருக்கவும் வழியில்லை, திரும்பிப் பார்த்தால் ஆட்களின் இடுப்பு மட்டும்தான் தெரிந்தது.

"யாரைத் தேடுதிய?" என்றாள் பக்கத்துக்காரி.

"வீட்டுக்காரவிய பின்னால இருக்காவ. பேச்சு வராது, அதான்."

"பேச்சு வராதா? என்ன செய்யுது?"

அவ்வளவுதான். நான் ஆரம்பித்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி டாக்டர், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், மார்த்தாண்டத்துப் பெண் வரைக்கும் சொன்னேன். அவள் "அய்யோ, எக்கா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மயிலாடி போனது, வழுக்கம்பாறை போனது. சுசீந்திரத்தில் பஸ் நின்று ஆட்கள் இறங்கியதும் ஏறியதும் ஞாபகம் இருக்கிறது. பின்பக்கத்தில் "பைய, பைய, பிடிச்சு எறக்குங்க" என்று குரல்கள் கேட்டன. யாரோ வயசாளி இறங்குகிறார் என்று நினைத்தேன். நம் ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்றுகூட அவளிடம் சொன்னேன்.

கோட்டாறில் குழந்தையையும் பைகளையும் உரியவர்களிடம் கொடுத்துவிட்டு முன்வாசலில் இறங்கி, பின்வாசலுக்கு ஓடினேன். இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் இறங்கிவந்தார்கள். அவர் வரவில்லை. படியில் ஏறி உள்ளே பார்த்தேன். அவர் இருந்த இடத்தில் சரிகை வேட்டி கட்டிய ஒருவர் மடியில் பரிசுப்பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இங்க இருந்த ஆளு எங்க?"

"அந்தக் கை முடியாத அண்ணாச்சியா? சுசீந்திரத்துல எறக்கிவிட்டாச்சே," என்றார் கண்டக்டர். "இந்த சாரும் நானும் பிடிச்சுத்தான் எறக்கினோம்."

வேட்டிக்காரர் எழுந்து நின்றார். "எங்க எறங்குவியன்னு கேட்டேன்க்கா. மிண்டல்ல. சுசீந்திரமான்னேன், தலையாட்டினாரு. வழுக்கம்பாறையில வச்சும் ஒருக்கக் கேட்டேன், அப்பவும் ஆட்டினாரு."

ஆட்டியிருப்பார். மதுரையா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார். ஒருவர் தோளைத் தொட்டு எழுப்பி, இன்னொருவர் பையை எடுத்து, கண்டக்டர் கையைப் பிடித்து, பஸ் முழுக்க "பைய, பைய" என்று வழிவிட்டு, இத்தனை பேர் இவ்வளவு அன்பாக இறக்கிவிடும்போது, இங்கே இல்லை என்று சொல்ல அவருக்கு எந்தச் சொல் இருந்தது? அவருக்குப் பேர் சொல்ல வராது. ஊர் சொல்ல வராது. போன் என் பையில். இறக்கிவிட்ட இடமோ தெப்பக்குளம் பக்கத்தில், ஆறு பக்கத்தில், லாரி போகிற ரோடு.

"பேச்சு வராத மனுசன்கிட்ட கேட்டு எறக்கியிருக்கியே, கண்ணு எங்க வச்சிருந்த?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். நல்லவர்கள் என்று சற்று முன்னால் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது.

வேட்டிக்காரர் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவந்து, ரோட்டில் நின்ற ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஏறுங்கக்கா. நானும் வாறேன்."

"ஒனக்குக் கல்யாணத்துக்குப் போவணும்லா."

"தாலி கெட்டு முடிஞ்சாலும் சோறு இருக்கும். ஏறுங்க."

வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போனேன். கல்யாண அவசரம், இடம் பிடிக்கிற பேராசை, வேட்டியில் சரிகை இருந்தால் போதுமா என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாக்கா, தப்புதான்" என்றார். இடலாக்குடி தாண்டியதும் எனக்குத் திட்டுத் தீர்ந்து அழுகை வந்தது. அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். தன் அம்மாவுக்கும் இப்படி ஒரு பக்கம் விழுந்தது என்றும், பேச்சு போகவில்லை ஆனால் கோபம் மட்டும் இரட்டிப்பாக வந்தது என்றும், தினமும் தோசை கருகிவிட்டது என்று அவரை வைவாள் என்றும் சொன்னார். "இப்ப அந்த வசவு கேக்கணும்போல இருக்குக்கா," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். என் தம்பி வயசுதான் இருக்கும். மீசையில் நரை.

பழையாற்றுப் பாலம் வந்தது. நான் ஆற்றைப் பார்க்கவில்லை.

சுசீந்திரத்தில் ஆட்டோ நின்ற இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. வாசலில் அடுப்பில் ஒரு பெண் ஏத்தம்பழ பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இரண்டு ஆட்டோக்காரர்களும், கோவிலுக்கு வந்த ஒரு குடும்பமும். அவர்களுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். தோளில் பை. இடது கையில் பாதி தின்ற பஜ்ஜி.

வேட்டிக்காரர் ரோட்டைத் தாண்ட ஓடினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னக்கா? அன்னா இருக்காருல்லா?"

"நில்லு," என்றேன்.

ஏனென்றால் அங்கே என் வீட்டுக்காரர் வாய் அசைந்துகொண்டிருந்தது.

பஜ்ஜிக்காரி கரண்டியைத் தூக்கியபடி ஏதோ கேட்டாள். அவர் முகத்தைச் சுளித்து, உதட்டைக் குவித்து, பிரித்து, திரும்பக் குவித்தார். அவள் "அய்யோ பாவம்" என்று சொல்லவில்லை. சொல்லை எடுத்துக்கொடுக்கவும் இல்லை, அவளுக்கு வேறு வேலை இருந்தது. ஒரு பஜ்ஜியைத் திருப்பிப் போட்டாள், ஒருவருக்குச் சில்லறை தேடினாள், மறுபடி அவரைப் பார்த்தாள். அதற்குள் அவர் சொல்லி முடித்திருந்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நடுவில் லாரி ஒன்று போனது. லாரி போனபின் பார்த்தால் ஆட்டோக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் அது அவருடைய சிரிப்புத்தான். கடையில் இருக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. அதைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷம் மட்டும் வந்தது என்று எழுதினால் பொய். பொறாமையாகவும் இருந்தது. இத்தனை மாதமாகச் சோறு ஊட்டி, சட்டைப் பொத்தான் போட்டு, ஒரு சொல்லுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நான் இருக்கிறேன். இவளுக்கு, முன்பின் தெரியாத பஜ்ஜிக்காரிக்கு, சும்மா கிடைத்திருக்கிறது. நின்று பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு விளங்கியது. அவர் எப்படிப் பேசின மனிதர் என்பது இவளுக்குத் தெரியாது. இவளுக்கு அவர் நேற்றும் இப்படித்தான், எப்போதும் இப்படித்தான், மெல்லப் பேசுகிற ஒரு அண்ணாச்சி. அவள் முன்னால் அவர் எதையும் இழக்கவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும் அவர் தினமும் இழந்துகொண்டிருந்தார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயைத் திறக்காமல் நின்றதில்லை. வேட்டிக்காரரும் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அங்கே கல்யாணம் முடிந்துகொண்டிருந்திருக்கும்.

பஜ்ஜிக்காரிதான் முதலில் பார்த்தாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் அழுதுகொண்டு நிற்கிறவளை யாருக்குத்தான் தெரியாமல் போகும்? கரண்டியால் என்னைக் காட்டி அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் திரும்பினார். தலையாட்டினார், இந்தத் தடவை நிஜமாகவே.

"வாங்க, வாங்க," என்று ரோட்டைத் தாண்டும்போதே அவள் கத்தினாள். "நீங்கதானா அந்த வருவா?"

எனக்குப் புரியவில்லை.

"பஸ்ஸுல இருந்து எறக்கிவிட்டுட்டுப் போயிட்டானுவ, மனுசன் அங்கன மரம் மாதிரி நிக்காரு. வெயில்ல நிக்காதிய, உள்ள வாங்கன்னேன். எங்க போவணும்னு கேட்டேன். ஊரு ஏதுன்னு கேட்டேன். பொலீஸுக்கு விளிச்சுச் சொல்லட்டான்னு இந்த ஆட்டோக்காரப் பிள்ளைய கேட்டானுவ. எதுக்கும் மறுவடி சொல்லல. கூட யாராவது வந்தாவளான்னேன். அதுக்கு மட்டும் கெடந்து முக்கி முனகி, 'வருவா'ன்னாரு. பொறவு என்ன கேட்டாலும் அதுதான். டீ குடிக்கியளா? வருவா. பஜ்ஜி தின்னுதியளா? வருவா. அப்பம் நாங்க ஒங்களுக்கு அதையே பேரா வச்சாச்சு."

ஆட்டோக்காரர்களில் ஒருவர், "ஆளு எப்பிடி இருப்பான்னு கேட்டேன்க்கா," என்றார். "இம்புட்டு ஒசரம்னு கையக் காட்டினாரு. பொறவு வெரல வாய்க்கிட்ட வச்சு டபடபடபன்னு ஆட்டிக் காணிச்சாரு. நல்லா வாயடிப்பாவளோன்னேன். சிரிச்சுட்டாரு பாருங்க! அப்பிடின்னா பேடிக்காதிய அண்ணாச்சி, வாய் உள்ளவ எப்பிடியும் வழி கேட்டு வந்துருவான்னு சொன்னேன்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். கோவிலுக்கு வந்த குடும்பம்கூட, மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரியாதவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிற அதே முகம்.

வேட்டிக்காரர் அவர் முன்னால் போய் நின்று கையைக் கூப்பினார். "மன்னிச்சிருங்கண்ணாச்சி. ஒங்க எடத்துக்கு ஆசப்பட்டு எறக்கிவிட்டுட்டேன்." அவர் இடது கையை நீட்டி, அந்தக் கூப்பிய கைகளைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். பிறகு ரோட்டைக் காட்டி, போ போ என்று சைகை செய்தார். பரிசுப்பொட்டலத்தையும் காட்டினார், கல்யாணம். நாகர்கோவில் பஸ் ஒன்று வந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினார். படியில் நின்றபடி என்னைப் பார்த்து, "எக்கா, திட்டினது போதுமா?" என்று கத்தினார். போதாது என்று நான் திருப்பிக் கத்தினேன். அவரை அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு நேரம் கடந்துவிட்டது. மார்த்தாண்டத்துப் பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "என்ன பறஞ்சாரு? என்ன பறஞ்சாரு?" என்று அவள் அந்தப் பக்கம் குதித்தாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னேன். "அம்மா, இண்ணைக்கு இங்கே வரண்டாம். அங்கயே இரிங்கோ, எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம்," என்றாள்.

இருந்தோம். பஜ்ஜிக்காரி எனக்கும் ஒரு டீ போட்டுத் தந்தாள். ஆட்டோக்காரர்களுக்குச் சவாரி வந்தது. கோவிலுக்கு வந்த குடும்பம் எங்களிடம் சொல்லிக்கொண்டு எழுந்தது. புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் அவரிடம் நேரம் கேட்டார்கள், மழை வருமா என்று கேட்டார்கள். நான் மிண்டவில்லை. ஒன்றுக்கு "ம்" சொன்னார், ஒன்றுக்கு வானத்தைக் காட்டினார், ஒன்றுக்கு ஏதோ சொல்ல முயன்று விட்டுவிட்டார். கேட்டவர் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாமல் டீயை ஆற்றிக் குடித்தார்.

கூட்டம் குறைந்து பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். ஆட்டோவில் வரும்போது இருந்த பயம் இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இஞ்ச பாருங்க. நான் வராமலே போயிருந்தா என்ன செய்திருப்பிய?"

கேட்டுவிட்டு வழக்கம்போல் அதற்குப் பதிலையும் நானே சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

அவர் டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. நான் காத்திருந்தேன். பிறகு, விவரம் தெரியாமல் கலங்குகிற அந்த வழிப்போக்கிக்குத் தைரியம் சொல்வதைப் போல, இடது கையால் என் முழங்கையைத் தட்டிக்கொடுத்து, நிதானமாக எனக்கும் சொன்னார்:

"வருவா."